என் கணவர் பதவி விலகிவிட்டார்

அனுப்புநர்:
நகரத் தலைவரின் மனைவி,
நீதிமன்றச் சுருக்கெழுத்தர் (ஓய்வு),
தலைவர் இல்லம், மாடி.

பெறுநர்:
உள்ளாட்சி மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
மேற்பார்வை அலுவலகம்.

பொருள்: நகர மன்றத்தில் என் கணவர் பதவி விலகியதை ஏற்க மறுப்பது குறித்தும், அவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்பக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வயதானவர்கள் பதவியில் இருக்கக் கூடாது என்று கேட்கும் மனு அல்ல இது. எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. இதை யார் உதவியும் இன்றி நானே எழுதுகிறேன். நகர மன்றத்தின் மூத்த உறுப்பினருக்கு எண்பத்திரண்டு. கருவியைக் காதில் மாட்டாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. ஆனால் அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட முடியாது. என் கணவர் அவரைவிட ஆறு வயது இளையவர். என் புகார் வயதின் மீது அல்ல, வயதானவரை வைத்துப் பிழைப்பவர்கள் மீது.

நான் முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் பிறர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிச் சம்பளம் வாங்கியவள். ஆகவே இம்மனுவிலும் அவரவர் பேசியதை அவரவர் வாயில் வந்தபடியே எழுதியுள்ளேன். பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் தொடர்ந்து நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் பெயர் இருந்தால்தான் அவருடைய கட்சிக்கு ஓட்டு விழும். இது துணைத் தலைவருக்கும் தெரியும், என் கணவரின் உதவியாளருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், நடைப்பயிற்சி முடிந்து பக்கத்து வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் காபி கேட்டிருக்கிறார். அந்த அம்மா காபியும் கொடுத்து, என்னிடம் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். நோய் என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. அவர்களுக்கு அது முன்பே புரிந்திருக்கிறது.

2. அவர் பதவிக்குத் தகுதியானவர்தானா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கியதும் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் பிடித்த மருத்துவர் எப்போதும் கேட்பது ஒரே மூன்று சொற்கள்: குடை, பூட்டு, எலுமிச்சை. முதலில் சொல்லிக் காட்டுவார். சற்று நேரம் கழித்து, நோயாளி அவற்றை நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். உதவியாளர் ஒரு வாரம் காலை உணவின்போது என் கணவருக்கு எதிரில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்வித்தார். சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். பரிசோதனை நாளன்று மருத்துவரைப் பார்த்ததும் என் கணவர் கைகூப்பி, வணக்கத்துக்குப் பதிலாக, "குடை, பூட்டு, எலுமிச்சை" என்றார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களாம்மா, ஐயா எவ்வளவு ஷார்ப்பா இருக்காரு!" என்று என்னிடம் சொல்லி, தெளிந்த மனநிலையில் உள்ளார் என்று சான்றளித்தார். நான் வாயைத் திறக்குமுன் உதவியாளர் என்னை வெளியே அழைத்துவந்துவிட்டார்.

3. கூட்டத்தின் நடுவே அவர் எழுந்து கழிப்பறை தேடி அலையக் கூடாது என்பதற்காக, கூட்ட நாட்களில் காலையிலிருந்து அவருக்குத் தண்ணீர் தருவதில்லை. நான் புட்டியில் கொண்டுபோனாலும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் முழுவதும் விடுமுன் அடுத்த கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்படியே போனால் அவர் பிழைக்க மாட்டார், ஐயா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4. காய்ச்சல் நின்ற மறு வாரம், ஞாயிற்றுக்கிழமை, துப்புரவுப் பணியாளர்கள் ஒன்பது பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கையுறை கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள். என் கணவர் இறங்கிப் போய் அவர்களோடு படியில் உட்கார்ந்தார். கேட்கக் கேட்க அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எவன்யா இந்த அநியாயத்தப் பண்ணது? அவன் நல்லா இருப்பானா?" என்றார். அவர்களில் ஒரு பெண், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "நீங்கதாங்கய்யா கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். என் கணவர் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் ஊட்டியும் அவர் வாய் திறக்கவில்லை.

5. மறுநாள் மன்றக் கூட்டம். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். இம்மன்றத்தில் தலைவர் பதவி விலகுவதற்கு ஒரு நடைமுறை உண்டு. எழுந்து நின்று, தம் மேசை மணியை எடுத்துத் துணைத் தலைவரின் மேசையில் வைத்து, விலகுவதாக வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முந்தைய தலைவர் அப்படித்தான் விலகினார். அவரிடம் யாரும் மருத்துவச் சான்று கேட்கவில்லை. அன்று இரண்டு தீர்மானங்கள் முடிந்தன. உதவியாளர் முழங்கையைத் தொட்டபோதெல்லாம் என் கணவர் கை தூக்கினார். பிறகு யாரும் தொடாமலே எழுந்தார். கழிப்பறைக்கு என்று நினைத்துப் பதறிப்போனேன். ஆனால் அவர் மணியை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு நடந்து, துணைத் தலைவர் முன் வைத்து, "என்னால முடியலப்பா. என் கையால தப்பு நடக்குது. நான் விட்டுட்டேன்" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவ்வளவு கோர்வையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

6. துணைத் தலைவர், "ஐயா தமாஷ் பண்றாரு" என்று சொல்லி மணியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். சிலர் கைதட்டினார்கள். என் கணவர் மறுபடியும் எடுத்துக்கொண்டு போய் வைத்தார். அடுத்த முறை உதவியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். மூத்த உறுப்பினர் மட்டும் எழுந்து, "அவரு சொன்னது எனக்கே கேட்டுச்சு. உங்களுக்கெல்லாம் கேக்கலயா?" என்று கத்தினார். அவருடைய ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள்.

7. பிறகு மன்றம் எடுத்த முடிவைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தலைவர் அச்சமயம் தெளிந்த மனநிலையில் இல்லை. எனவே அவர் விலகியது செல்லாது. ஆனால் அதற்குச் சற்று முன் அவர் கை தூக்கிய இரண்டு தீர்மானங்களும் செல்லும். பிடித்து உட்காரவைத்த பிறகு அவர் கையை உதவியாளரே தூக்கிப் பிடித்த மூன்றாவது தீர்மானமும் செல்லும். ஒன்பது பேரின் வேலையைப் பறித்த கையெழுத்தும் செல்லும். அவர்களுக்கு வேண்டியபோது தெளிந்து, அவருக்கு வேண்டியபோது மட்டும் கலங்கிவிடும் இப்படியொரு புத்தியை நான் எந்த வழக்கிலும் கண்டதில்லை.

8. அன்று வீடு திரும்பியதும் காலணிகளைக் கழற்றி அலமாரியின் உச்சியில் தூக்கிப் போட்டார். இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். என் அருகில் படுத்து, விடியும்வரை புரளாமல் தூங்கினார். காலையில் வழக்கம்போல் வண்டி வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "நான்தான் விட்டுட்டேனே, இன்னும் எதுக்கு வண்டி வருது?" என்று கேட்டார். வண்டியில் வந்தவர்கள் காலணியை இறக்கி மாட்டி, அவரை இருபுறமும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அன்று முதல் வண்டி வரும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறார். எங்கள் மகளின் பெயர் அவர் நினைவிலிருந்து போய்விட்டது. என்னைச் சில நாள் அக்கா என்கிறார், சில நாள் நர்ஸம்மா என்கிறார். பதவியை விட்டது மட்டும் மறக்கவில்லை. சென்ற வாரம் அதே மருத்துவர் வந்து பார்த்து, நோய் முற்றிவிட்டது என்றார். என்ன அறிகுறி என்று கேட்டேன். "நடக்காத ராஜினாமா நடந்துட்டதா நம்புறாரும்மா" என்றார். அதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்ட நாளில் மட்டும் அவர் ஒன்றும் கேட்பதில்லை. கூட்டத்தில் அமைதியாக இருக்கிறார் என்று அவர்களுக்குத் திருப்தி. வரும் தேர்தலுக்கும் அவர் பெயரையே அறிவித்திருக்கிறார்கள்.

ஐயா, என் கணவர் தெளிவாக இருக்கிறார் என்றால் அவர் விலகியது செல்லும். தெளிவாக இல்லை என்றால் அவர் அந்த நாற்காலியில் இருப்பதே செல்லாது. எப்படிப் பார்த்தாலும் அவர் இருக்க வேண்டிய இடம் வீடுதான். தாங்கள் இதில் நேரில் தலையிட்டு, அவர் மன்றத்தில் எழுந்து நின்ற அந்நாள் முதலே அவர் விலகியதாக உத்தரவிட வேண்டும். அதற்குப் பின் அவர் கையைக் கொண்டு செய்யப்பட்ட யாவற்றையும் நீக்க வேண்டும். அதற்கு முந்தையதே ஆயினும், அந்த ஒன்பது பேரின் வேலை நீக்கத்தையும் ரத்து செய்ய வேண்டும். மாத்திரையை நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அவருக்கு நினைவிருப்பது இப்போது அது ஒன்றுதான். அதையாவது உண்மையாக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நகரத் தலைவராக இருந்தவரின் மனைவி

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: தலைவர் இல்லம்