அக்கா போட்ட மார்க்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஸ்கேன் எடுக்க வந்த வாரம் பார்த்தா என்னை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்? திரும்பி வந்து இத்தனை நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தலைவலி எப்படி இருக்கிறது? மாமாவாவது எழுதக் கூடாதா?

இங்கே எனக்கு மண்டை காய்கிறது. எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு நோயாளிகள் ஐந்துக்கு மார்க் போட்ட தாள்களைப் படிப்பு, வேலை வாரியாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார் பெரிய டாக்டர். பேராசிரியர்களும் வங்கிக்காரர்களும் இரண்டு, மூன்று என்று கிள்ளிப் போடுகிறார்கள். அவர்களைத்தான் சீக்கிரம் பார்த்து அனுப்புகிறோம். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள் அரை நாள் காத்துக் கிடந்துவிட்டு ஐந்து போடுகிறார்கள். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

நேற்று ஒரு தாள் கையில் வந்தது. பெயர் கிடையாது. படிப்பு ஐந்தாம் வகுப்பு, வேலை தையல் கம்பெனியில் காஜா எடுப்பது. கையெழுத்து உன்னுடையது. எல்லாவற்றுக்கும் ஐந்து. ஆனால் தலை ஆடிக்கொண்டே இருந்ததால் உன் படம் ஒன்றுக்கும் உதவாதாம். கட்டி இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாதாம். மறுபடி எடுக்க இரண்டு முறை கூப்பிட்டும் நீ வரவில்லையாமே. அவ்வளவு திருப்தி என்றால் ஏன் வரவில்லை? உடனே கிளம்பி வா.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று கேட்காமலே தெரியும்.

ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொன்னால் வருத்தப்படுவாய். “அசையாம படுங்கம்மா” என்ற ஒரே வார்த்தையோடு உள்ளே தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் காதோரம் தடதடவென்று இடித்தது. மெஷின் உடைகிறது என்றே நினைத்தேன். கத்தினால் நான்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடுமோ, தம்பி பேர் கெடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நடுங்கிக் கிடந்தேன். வெளியே வந்ததும் தாளை நீட்டி, எங்கள் வேலைக்கு மார்க் போடுங்கள் என்றார்கள். நீ வேலை பார்க்கிற இடத்துக்கு நான் குறைத்துப் போடுவேனா?

ஆனால் இனிமேல் அதற்குள் என்னால் படுக்க முடியாது. வலி வந்தால் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன். மாமாவிடம் சொல்லிவிடாதே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அன்றைக்கு வேலையில் இருந்தவனிடம் சண்டைக்குப் போனேன். “நீ மட்டும் என்ன சொல்ற?” என்று கேட்டான். நானும் அதையேதான் சொல்கிறேன். கேள்வி கேட்பவர்களுக்கு விளக்குகிறேன். சும்மா படுப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறேன். ஐந்து போட்டவர்களில் எத்தனை பேர் உள்ளே நடுங்கினார்களோ, தெரியவில்லை.

உன் தாளை மற்றவற்றிலிருந்து உருவினேன். தப்பு என்று திரும்ப வைத்தேன். மறுபடி உருவினேன். இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? பக்கத்திலேயே நிற்கிறேன், வந்துவிடு அக்கா. மாமாவுக்கும் எழுதிவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

போட்டுக்கொடுத்துவிட்டாய் அல்லவா? உன் மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்கேனுக்குக் கிளம்பு என்றார். உன் இடத்துக்கு வந்து மறுபடி நடுங்கினால் உனக்குத்தானே தலைகுனிவு? அதனால் இங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றேன்.

அங்கே ஒரு சின்னப் பெண். எத்தனை நிமிஷம் ஆகும் என்று சொல்லி, மெஷின் எப்படிக் கத்தும் என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்த பிறகும் நடுநடுவே, “இன்னும் அஞ்சு நிமிஷம்தான்கா” என்று அவள் குரல் உள்ளே கேட்டது. நான் அசையவே இல்லை. கட்டி கிட்டி ஒன்றும் இல்லை தம்பி. மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம். உன் மாமா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அங்கேயும் தாள் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்து போடத்தான் பேனாவை எடுத்தேன். உனக்குப் போட்டதையே அவளுக்கும் போட்டால் அப்புறம் உனக்கு என்ன மரியாதை? எல்லாவற்றுக்கும் நாலு போட்டுக் கொடுத்தேன். பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. நான் செய்தது சரியா தம்பி?

அக்கா