வரட்டும்

ஆவணி 11, புதன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முருகையனின் கோப்பைப் பையில் எடுத்து வைத்தேன். பன்னிரண்டு வருடமாகக் கடலூர் சிறையில் இருப்பவன். அவனை முன்கூட்டியே விடலாமா என்று, நன்னடத்தை அலுவலரான நான் அறிக்கை தர வேண்டும். அவன் வெட்டிக் கொன்றவனின் அம்மாவைப் பண்ருட்டியில் பார்த்தேன். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன விட்டா உங்களுக்கு ஆட்சேபண இருக்காம்மா?"

"வரட்டும்மா," என்றார், நிமிராமல். "எத்தினி வருஷமா பாத்துகினு கெடக்கறோம்."

பக்கத்தில் நின்ற மூத்த மகன் சிரித்தான். "அதான் அம்மாவே சொல்லிட்டாங்களே மேடம். எழுதிக்குங்க."

‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி, கைநாட்டு வாங்கினேன். சிதம்பரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு உறைத்தது. அந்த ‘வரட்டும்’ மன்னிப்பா, மிரட்டலா? மிரட்டல் என்றால் முருகையன் உயிர் போகும், அந்த மூத்த மகன் சிறைக்குப் போவான். மிரட்டல் என்று நானாக எழுதிவிட்டால், திருந்திய ஒருவன் உள்ளேயே கிடப்பான். எனக்குப் பயமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது.

நாளை அறிக்கையை அனுப்பப் போவதில்லை. மகன் இல்லாத நேரமாகப் பார்த்து மறுபடி பண்ருட்டி போவேன். கேட்காமல் விட்டதைக் கேட்பேன்: "வந்தா என்னம்மா செய்வீங்க?"