புஷ்பாவின் குரல் இருந்த கம்ப்யூட்டர்

8 மார்ச் 2025, சனி

கம்ப்யூட்டரோடு வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. திறக்கும்போதெல்லாம் மூலையில் சிவப்புக் கட்டம். முன்பானால் மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது முடியாது. அதற்குள் என் மனைவி புஷ்பாவின் குரல் இருக்கிறது.

தொண்டையில் ஆபரேஷன் என்றபோதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டியிருக்கும், வேண்டியதைப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று. முன்னறையில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் பேசினாள். என் பெயர், மகள் பெயர், மீன்காரரிடம் பேசும் பேரம், அடுத்த வீட்டுக் கதை. நடுவே என்னைத் திட்டியதும் பதிவாகியிருக்கிறது. இப்போது வெள்ளைப் பலகையில் எழுதித்தான் எதையும் சொல்கிறாள்.

எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது? தேடினால் வரிசையாகப் பெயர்கள், எல்லாமே தன்னைத்தான் சிறந்தது என்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் லோஷினிக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ஒண்ணும் வாங்க வேணாம் லா. விண்டோஸ்லயே ஒண்ணு இருக்கு, நம்ம வீட்டுக்கு அது போதும். பழசக் கழட்டிடுங்க, ரெண்டு இருந்தா சண்ட போட்டுக்கும். அப்டேட் கேட்டா உடனே விடுங்க. அம்மா பேசினத வேற டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வைங்க."

9 மார்ச், ஞாயிறு

பழசை எடுத்துவிட்டேன். அப்டேட் ஓடி முடிய மத்தியானம் ஆயிற்று. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. வெளி டிஸ்க்கில் காப்பியும் எடுத்தாயிற்று. கழற்றினால் எங்காவது வைத்துத் தொலைப்பேன் என்று கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டிருக்கிறேன்.

23 மார்ச், ஞாயிறு

அவள் குளிக்கப் போயிருந்தபோது ஒரு பதிவைப் போட்டேன். "மழ வருது, துணி நனையுது, எங்க போய்த் தொலஞ்சீங்க?" சிரித்துவிட்டேன். பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. பலகையில் எழுதிக் காட்டினாள்: 'செத்தவ பேசற மாதிரி இருக்கு. நிறுத்துங்க.'

நிறுத்தினேன். இனி அவள் வீட்டில் இல்லாதபோதுதான்.

2 ஏப்ரல், புதன்

எனக்குச் செனாயில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் வேலை. கையில் சாமான், மனசெல்லாம் வீட்டில். அவள் தனியாக இருக்கிறாள். வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவாள்? எப்படிக் கூப்பிடுவாள்?

12 ஏப்ரல், சனி

ஆன்டிவைரஸ் எதையோ தடுத்ததாக அறிவிப்பு. முழு ஸ்கேன் ஓட்டினேன், சுத்தம் என்றது. "ஏதாவது டவுன்லோட் பண்ணியா?" என்று புஷ்பாவைக் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

17 ஏப்ரல், வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

வேலை விட்டு வந்தால் திரை முழுக்கக் கறுப்பு, ஆங்கிலத்தில் எழுத்து. உன் ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்கிறது. புஷ்பாவின் பதிவு ஒன்றுகூடத் திறக்கவில்லை, பெயரெல்லாம் வேறு எதுவாகவோ மாறிக் கிடக்கிறது. டிஸ்க்? அதுவும்தான். செருகித்தானே வெச்சிருந்தேன். நானேதானே செருகி வெச்சேன்.

ஆன்டிவைரஸ் அணைந்து கிடக்கிறது. நான் அணைக்கலையே.

18 ஏப்ரல், வெள்ளி

லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் கூலாய் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் கடை யுகேந்திரன் நிறைய நேரம் பார்த்தார். "அங்கிள், வைரஸ எடுத்துடலாம். பூட்டினதத் தொறக்க முடியாது. இந்த வகைக்கு இன்னும் சாவி வரல."

"பணத்தக் கட்டிட்டா?"

"கட்டி ஏமாந்தவங்கள நான் பாத்திருக்கேன், வேணாம். அந்த டிஸ்க்க அழிக்காம அப்படியே வைங்க. எப்பவாவது சாவி வந்தா வரும்." கொஞ்சம் தயங்கி, "காப்பி எடுத்ததும் கழட்டி வெச்சிருந்தா அது தப்பிச்சிருக்கும்," என்றார்.

அம்மாவின் குரல் எதிலாவது இருக்கிறதா என்று லோஷினி தன் போனில் தேடிப் பார்த்தாள். அம்மாவும் மகளும் எப்போதுமே எழுத்தில்தான் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், இல்லையென்றால் நேராகப் போனில் கூப்பிடுவார்கள். அவள் கல்யாண வீடியோவில் புஷ்பா வாயசைக்கிறாள். நாதஸ்வரம்தான் கேட்கிறது.

19 ஏப்ரல், சனி

அணைத்தது புஷ்பா.

நான் கேட்டதும் மறைக்கவில்லை, உட்கார்ந்து எழுதினாள். 'லோஷினி பிறந்த நாளுக்கு என் குரல்ல வாழ்த்து சொல்லணும்னு நெனச்சேன். நாம எழுதினா நம்ம குரல்லயே பேசற சாஃப்ட்வேராம், இலவசம்னு நெட்ல போட்டிருந்துச்சு. ஆன்டிவைரஸ் விடவே இல்ல. அத நிறுத்தினாதான் ஏறும்னு அதுலயே சொல்லியிருந்துச்சு. நிறுத்தினேன்.'

கத்தினேன். "அறிவிருக்கா ஒனக்கு? என்னக் கேட்டிருக்கக் கூடாதா? அது ஒண்ணுதானடி இருந்துச்சு எனக்கு" - என்னென்னவோ சொன்னேன். அவள் வாயைத் திறந்தாள். மூச்சுக்காக ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'என் குரல்தானே போச்சு.'

பதிலுக்குக் கத்த முடியாதவளிடம் கத்தியிருக்கிறேன். நானெல்லாம் என்ன மனுஷன்.

27 ஏப்ரல், ஞாயிறு

பலகை துடைத்தபடியே இருக்கிறது. எதுவும் எழுதுவதில்லை அவள்.

11 மே, ஞாயிறு

லோஷினி வந்து, பூட்டின டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினாள். "அம்மா மறுபடி ஆஃப் பண்ணாம பாஸ்வேர்ட் போட்டுடவாப்பா?" என்றாள். புஷ்பா வாசற்படியில்தான் நின்றிருந்தாள். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நாங்களே நினைக்க ஆரம்பித்துவிட்டோமா?

"போட வேணாம். அவளுக்கும் சொல்லிக் குடு," என்றேன்.

பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்: எந்த எச்சரிக்கை வந்தால் நிறுத்த வேண்டும், இலவசம் என்றால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்றெல்லாம். புஷ்பா தலையாட்டினாள், என்னைப் பார்க்கவில்லை. புது டிஸ்க்கும் வாங்கி வந்திருந்தாள் லோஷினி. அதில் காப்பி எடுக்க இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

14 ஜூன், சனி

போன வாரம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கழுத்துக்குள் சின்ன வால்வு ஒன்று வைத்தார்கள். துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பேசிப் பழக வேண்டும். முதலில் வந்த சத்தம் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் இருந்தது. என் முகம் எப்படிப் போயிற்றோ, அவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து விரலைக் கழுத்துப் பக்கமே கொண்டு போகவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

காலையில் அப்டேட் ஓட விட்டு உட்கார்ந்திருந்தேன். "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல். யாரோ ஆம்பிளை வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று பதறி எழுந்தேன். புஷ்பா நின்றிருந்தாள், கட்டைவிரல் கழுத்தில்.

"என்ன பாக்கறீங்க?" இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி. "போங்க."

மோட்டாரில் ஏறிக் கிளம்பினேன். அதே வார்த்தையைப் பழைய குரலில் எப்படிச் சொல்வாள் என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை முறை முயன்றாலும் இந்தக் கரகரப்புதான் வந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தேன். அழுதேனா, தெரியாது.

கடைக்காரர் வெளியே வந்து, "என்னண்ணே, என்ன வேணும்?" என்றார்.

"கேஸ்," என்றேன். "வீட்ல சொன்னாங்க."