கோல் அடித்தவன்தான் கழுவ வேண்டும்

என் அன்பு மச்சான் செல்வா,

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏவன்டேலில் ஒரே வீட்டில் வாடகையைப் பங்குபோட்டு இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீ குளியலறைக்குள்ளிருந்து கத்துவாய், நான் அடுப்படியிலிருந்து பதில் கத்துவேன். இப்போது நான் மட்டும் கத்தினால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்?

நம் கல்லூரிக் கால்பந்து அணி இன்னும் இருக்கிறது. அதே சின்னக் கல்லூரி, அதே சரிந்த மைதானம், அதே ஒரு செட் ஜெர்சி. லீக்கில் எத்தனையாம் இடம் என்று கேட்காதே. அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்தால் நாம்தான் முதலிடம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அணியின் சரித்திரத்தைக் கேட்கிறார்கள். கோப்பையே இல்லாத அணிக்கு என்ன சரித்திரம்? உன் வாய்தான் சரித்திரம் என்றேன். நம் முதல் கோலை நீ அடித்துவிட்டு, ரயிலில் வீடு வரும்வரை அதையே அளந்தாய். காது புளித்துப்போன சமோவாக் கேப்டன் சியோனே ஜெர்சி மூட்டையைத் தூக்கி உன் மடியில் போட்டு, "அவ்வளவு பெரிய வீரன் என்றால் இதையும் கழுவு" என்றான். அன்று தொடங்கிய வழக்கம். கோல் அடித்தவன்தான் எல்லாருடைய ஜெர்சியையும் கழுவ வேண்டும். யாரும் அடிக்காவிட்டால் கேப்டன் தலையில்.

ஆக்லாந்துக் குளிரில் துணி காய்வதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். அந்தப் பயத்தில் ஒரு நாள், எதிரே கோல் கீப்பர்கூட இல்லாத நேரத்தில், நீ பந்தைப் பக்கத்தில் நின்ற சிங்கப்பூர்க் குமாருக்குத் தட்டினாய். அவன் உனக்கே திருப்பித் தட்டினான்.

"நீ அடி லா!"

"போன வாரம் நான்தான் கழுவுனேன், நீ அடி!"

அதற்குள் எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு வந்து என் வலைக்குள் போட்டுவிட்டது. அன்று உங்கள் இருவரையும் திட்டியதுபோல் நான் யாரையும் திட்டியதில்லை. இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

உன் கடைசி ஆட்டத்தில் மழை கொட்டியது. கோலும் உன்னுடையது, மூட்டையும் உன்னுடையது. நாளைக்குக் கழுவலாம் என்று கராஜில் போட்டுவிட்டு விரியிலுள்ள கிடங்குக்கு வேலைக்குப் போனாய். அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழும்பவேயில்லை. ஏன் மச்சான், நோகிறது என்று என்னிடமாவது ஒரு சொல் சொல்லக்கூடாதா?

உன் சாமான்களோடு அந்த மூட்டையும் பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. லீக்கில் ஒரு வாரம் பொறுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஆடியே ஆகவேண்டும். ஜெர்சி இல்லாமல் எப்படி இறங்குவது? கேட்டுவர நான்தான் போனேன்.

"அக்கா, அந்த மூட்டையைத் தாங்கோ. நாங்கள் கழுவிக்கொள்ளுறம்."

வசந்தா அக்கா தரவில்லை. "அவன் கழுவ வேண்டியது தம்பி. அவன் இல்லன்னா நான்தானே?" என்றார். பிறகு அவரே தயங்கினார். "ஆனா கோல் அடிச்சவங்கதான் கழுவணும்னு உங்களுக்கு ஒரு சட்டம் இருக்காமே. சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

திரும்பி வந்து சியோனேயிடம் சொன்னேன். "அப்படியென்றால் அவர் ஒரு கோல் அடிக்கட்டும்" என்றான்.

பயிற்சி நாளன்று ஆஸ்பத்திரி வேலை முடிந்து, நர்ஸ் உடுப்போடே அக்கா மைதானத்துக்கு வந்தார். பெனால்டி புள்ளியில் பந்தை வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். பந்து தவழ்ந்து வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், பாய்ந்து பிடித்துவிட்டேன்!

"டேய், நீயெல்லாம் மனுசனா?" என்று கத்தினான் குமார். லீக் முழுக்கக் கோட்டைவிட்டவன் இதையா பிடிப்பாய் என்று நீயும் கேட்டிருப்பாய்.

அக்கா சிரித்துவிட்டார். நீ போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "விட்டுக்கொடுக்க வேணாம் தம்பி, நானே அடிக்கிறேன்" என்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தத் தரம் கண்ணைத் திறந்துகொண்டு உதைத்தார். நான் இடப்பக்கம் பாய்ந்தேன், பந்து வலப்பக்கம் போனது. வேண்டுமென்றே விட்டாயா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உனக்கும் சொல்லமாட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை அக்கா ஜெர்சிகளைக் கொண்டுவந்தார். கழுவி, இஸ்திரி போட்டு, மடித்து! நம் சரித்திரத்திலேயே அந்த ஜெர்சிகள் இஸ்திரியைக் கண்டது இதுதான் முதல் தடவை. மேலே இருந்தது உன்னுடையது. அதில் கையை வைத்தபடியே சொன்னார்:

"எத்தனையோ தடவ கூப்பிட்டான். சனிக்கிழமைன்னா டூட்டி டூட்டின்னு ஓடிட்டேன். ஒரு ஆட்டம்கூட வந்து பார்க்கல. மத்தவங்க சட்டைய ரெண்டு அலசு அலசினா போதும். இவனோடதுல தேய்க்கத் தேய்க்கச் சேறு வந்துகிட்டே இருந்துச்சு. நல்லா விளையாடியிருக்கான், இல்ல தம்பி?"

"ஓம் அக்கா. நல்லா விளையாடினவன்."



மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் உன் அக்காவுக்கு நான் சொல்லி முடிப்பேன், பெனால்டியை வானத்துக்கு அடித்ததையும் சேர்த்து. நேற்று ஆட்டம் முடிந்ததும் கோட்டோரப் பெஞ்சில் உட்கார்ந்து முதலாவதைத் தொடங்கினேன். டூட்டிக்கு நேரமாகியும் அக்கா எழும்பவில்லை.

உன் மச்சானும்
இப்போது வசந்தா அக்காவுக்குத் தம்பியுமான,
ராஜன்
ஆக்லாந்து, 1996