ஆடு தின்ற கிறிஸ்துமஸ் மரம்

ஆஸ்லின் அப்பாவுக்கு,

முன்னறைக்குப் போகுமுன் இதை வாசித்துவிடுங்கள். நீங்கள் புதூரிலிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, வாளி மணலில் நட்டுவைத்த உடைமரக் கிளையை வேலுத்தாய் அக்காவின் ஆடு தின்றுவிட்டது. நான் பால் வாங்கித் திரும்புவதற்குள் இலை ஒன்றுகூட மிச்சமில்லை, முள்தான் நிற்கிறது. காகித நட்சத்திரம் கொம்பில் மாட்டியபடி ஆடு தெருவில் போக, அக்கா கேட்கிறார்: "ஏட்டி நேசம்மா, எங்க ஆட்டையும் சபையில சேத்துட்டியா?"

நேற்று பலூன்கள் முள்ளில் பட்டு வெடித்தபோது நான் சிரித்தேன்தான். ஒவ்வொரு வெடிக்கும் நீங்கள், "காத்து கூடிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றால் யாருக்குச் சிரிப்பு வராது? அதற்காகச் சாப்பிடாமலா படுப்பது? தூக்கத்திலும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள், அதனால் எழுப்பவில்லை.

இட்லி சட்டியில் இருக்கிறது. முறுக்கைத் தொடாதீர்கள், அது சாயங்காலம் கேரல் பாட வருகிறவர்களுக்கு.

அவர்கள் வருவதற்குள் மரம் வேண்டும். பிளாஸ்டிக் மரம் வாங்கலாம் என்றேன். "அப்பா கொண்டாந்த மாதிரி முள்ளு மரந்தான் வேணும்" என்று ஆஸ்லின் அழுதுவிட்டாள். எனக்கும் அதுதான் வேண்டும், அவளிடம் சொல்லவில்லை. பசுவந்தனையில் என் தம்பி பிரின்ஸ்டன் காட்டில் ஒரு கிளை வெட்டி வாங்க நானும் அவளும் பஸ்ஸில் போகிறோம்.

நேசம்மாள்

பி.கு.: முள் கிளையைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு பைக்கில் அங்கே வந்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து நானே பிடித்துக்கொள்கிறேன். முள் குத்தி நான் கத்தினால், நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.