பம்பின் வாயை அடைத்தவர்

என் கண்ணான பேத்திக்கு,

பாட்டி சுகம். முட்டிவலி மட்டும் கூடவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கார் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், நாற்காலியில் உன் தாத்தா, அவர் தம்பி உன் சின்னத் தாத்தா, மெக்கானிக் சோடாபுட்டி. பக்கத்து வீட்டு டீச்சர் மதில் மேல் தலையை மட்டும் வைத்திருந்தாள். அவளையும் சேர்த்துக்கொள், நாளைக்குச் சாட்சி வேண்டும்.

சின்னத் தாத்தா வியாழக்கிழமை மகள் வீட்டோடு போகிறார். இனி இந்தப் பக்கம் வருவது கஷ்டமாம். ரயிலடிக்கு நம் பழைய காரில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். அதுவோ பன்னிரண்டு வருஷமாகக் கடைத்தெருவைத் தாண்டினால் கொதிக்கிற வண்டி. யாரால் என்று உனக்கே தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை, தூறல். காரை இரவல் வாங்கிப் போன இதே சின்னத் தாத்தா லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் பார்க்காமல் ஓட்டியவருக்கு அன்றிலிருந்து பிடி உடைந்த கோப்பையில்தான் டீ கொடுத்தேன்.

பழைய வண்டி, இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் பம்பைத் தொட்டால் கெட்டுவிடும் என்று உன் தாத்தா இத்தனை நாள் யாரையும் அண்ட விட்டதில்லை. இந்தத் தடவை நான் ஒரு சத்தம் போட்டேன், அடங்கிவிட்டார்.

சோடாபுட்டி தண்ணீரை வடித்து, பெல்ட்டையும் விசிறியையும் கழற்றி, பம்பை வெளியே எடுத்தான். நடுத்தண்டு ஆடும் பல் மாதிரி ஆடியது. பேரிங் பூராவும் துரு. கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அம்மா இங்கே பாருங்க என்றான். பம்புக்கு அடியில் பட்டாணி அளவு துவாரம் ஒன்று இருக்குமாம். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டிக் காட்டிக்கொடுக்குமாம். யாரோ குச்சியில் துணி சுற்றிச் செருகி, மேலே பசை பூசி அடைத்திருந்தார்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிட்டது. அது அழுதிருக்கு, வாயைப் பொத்திட்டாங்க என்றான்.

நான் சின்னத் தாத்தாவை முறைத்தேன். அதற்குள் சோடாபுட்டி துணியைப் பிரித்தான். ஊதாப் பூ. நான் தைத்த தலையணை உறை, ஜோடியில் ஒன்று. கொடியில் கிடந்ததைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று உன் தாத்தா சொன்னது, அந்தச் செவ்வாய்க்கு நாலு நாள் முன்னால். எனக்கா மறக்கும்? திரும்பினால் நாற்காலி காலி.

உங்களுக்குத் தெரியுமா என்று சின்னத் தாத்தாவைக் கேட்டேன். அன்றைக்கே ரோட்டில் குனிந்து அந்த அடைப்பைப் பார்த்துவிட்டாராம். என்னைத் திட்டினா நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன் அண்ணி, அண்ணன் எங்கே போவார் என்றார். டீச்சரின் தலை மெதுவாக மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

சோடாபுட்டி புது பேரிங், புது சீல் போட்டு, துவாரத்தைக் குத்தித் திறந்து, பம்பை மாட்டினான். பெரிய பாலம் வரை போய் வந்தோம். கொதிக்கவில்லை. சின்னத் தாத்தாவுக்கு என் நல்ல கோப்பையில் டீ கொடுத்தேன். பிடி இருக்கே அண்ணி, பழக்கமில்லையே என்றார். அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

நீ அவருக்கு வாரம் ஒரு போன் போடு. நான் சொன்னதாகச் சொல்லாதே. அங்கே உனக்கு ஏதாவது குறை என்றால் அடைத்து வைக்காமல் எழுது. நூறு வயசு நல்லா இரு.

பிடி உடைந்த கோப்பை சும்மா இல்லை. இதை எழுதும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் சுடச்சுட அதில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறார், நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை என்று முடிவு கட்டிய ஒரே ஆள், உன் தாத்தா.