பனிமூட்டத்துக்கு ஒரு குரல்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, டிவியிலேயே பார்த்துக்கொள்கிறோம். போன வாரம் மினுமினு சட்டையில் வந்தாய். இளைத்திருக்கிறாய்.

நீ வளர்ந்த கதையைப் படம் பிடிக்க ஒரு கூட்டம் கேமராவோடு வந்திறங்கியது. படகு மெக்கானிக்தானே என்று நினைக்காமல் முதலில் என்னைத்தான் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தீவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். விடுவேனா? இங்கே அடிக்கிற காற்றுக்கு ரகசியமே பேச முடியாது, காதலைச் சொல்கிறவன்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும், அவள் யோசித்து முடிப்பதற்குள் ஊரே சம்மதம் சொல்லிவிடும் என்றேன். காற்று ஒரு ஆட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கரையில் நோகாமல் இறக்கிவிட்டதையும் சொன்னேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

உனக்குப் பாட்டு வந்த விதத்தையும் விளக்கினேன். பனி இறங்கினால் படகுத்துறையிலிருந்து யாராவது மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். படகு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கு வரும். குரல் நின்றால் ஏதோ ஆபத்து என்று அங்கேயே நின்றுவிடும். டிக்கெட் கொடுக்கிற உன் அம்மாவுக்குக் கை ஓயாத நேரத்தில் மைக் உன்னிடம் வரும். பள்ளிப் பாடம், கடை விலை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லித் தீர்ந்து, பேச ஒன்றுமில்லாமல்தான் நீ பாட ஆரம்பித்தாய். தாளம் மட்டும் நான் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். யாராவது கேட்டால் மறுக்காதே.

உன் அம்மாவை, என் அக்காவையும் கேட்டார்கள். “அவ பாட்டெல்லாம் நான் கேக்கறதில்ல, எனக்கு வேலை இருக்கு” என்றாள். நீ கிளம்பிய அன்று “போறதுன்னா போ, மைக்க வச்சிட்டுப் போ” என்றாளே, அதே முகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் தொண்டையில் ஏதோ சதை வளர்ந்திருக்கிறதாம். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன்பின் கொஞ்ச காலம் வாயே திறக்கக்கூடாது என்று அக்கரை டாக்டர் சொன்னார். என் கேள்விகளைக் கேட்டு அவரே அசந்துபோனார், அது வேறு கதை. அக்கா முடியாது என்றுவிட்டாள். “அப்ப பனியில யாரு பேசறது? நீயா? உன் பேச்ச நம்பி எவன்டா படகு ஓட்டுவான்?” என்றாள். சொல்லட்டும், அக்காதானே.

செவ்வாய்க்கிழமை காலையில் பனி இறங்கியது. படகு பாதி வழியில் இருக்கும்போது அக்காவுக்குக் குரல் அடைத்துவிட்டது. என் மூளையைப் பார், சட்டென்று செல்போனில் உன் பாட்டைப் போட்டு மைக்கில் வைத்தேன். படகு ஜம்மென்று வந்தது. ஆனால் நடுவே டமடமவென்று வாத்தியம் மட்டும் வருகிறதே, அங்கே நின்றுவிட்டது. நீ பாடினாய், வந்தது. மறுபடி டமடம, மறுபடி நின்றது. “கூப்பிட்டுட்டுப் பாதியில காணாமப்போற பாட்டெல்லாம் எதுக்குய்யா போடற?” என்று படகோட்டி கரையேறியதும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இரண்டாவது டமடமவில் அக்கா மைக்கைப் பிடுங்கி, அந்த அடைத்த தொண்டையோடு உன் பாட்டை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். படகு கட்டும்வரை ஒரு வார்த்தை பிசகவில்லை. கட்டியதும் மைக்கை என் கையில் திணித்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டாள்.

ஆகவே நீ பேசி ஒரு பதிவு அனுப்பு. வாத்தியம் வேண்டாம். நடுவில் நிறுத்தாதே. என்ன சாப்பிட்டாய், எங்கே தூங்கினாய், யாரோடு சண்டை, எதுவானாலும் சரி, நீளமாக இருக்கட்டும். அது வந்தால் ஆபரேஷனுக்குப் போவதாக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறாள். படகுக்காகத்தான் கேட்கிறோம் என்று அழுத்தி எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முழுவதையும் அவளே உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பாளாம்.

நேரில் வந்து பேசினாலும் அந்த மைக் வேண்டாம் என்று சொல்லாது.

உன் தொண்டை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முதல் குரு (படத்தில் அப்படித்தான் வரும்),
தாய்மாமன்